ராத்திரியில் மிச்சம் பிடிக்காதீர்கள்!

ஒரகடம் ஜங்ஷனில் ஷிப்ட் விடுகிற நேரம். முதுகுவலித் தைலத்துக்காக என்னிடம் வருகிற ஒரு தம்பி அன்றைக்கு நாற்பது பக்க நோட்டோடு வந்தான். "ஐயா, நாங்க நாலு பேரு பைக்லயே நேபாளம், பூட்டான் போறோம். பதினாலு நாள் லீவு. வழியில உடம்பு படுத்தாம இருக்க ஏதாவது சூரணம் குடுங்க."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். அடேயப்பா! பெட்ரோல், பஞ்சர், டிபன், நேபாள எல்லையில் வண்டிக்கு எடுக்கும் 'பன்சார்' சீட்டு, பூட்டானில் தலைக்கு ஒரு ராத்திரிக்குக் கட்டவேண்டிய 1,200 ரூபாய்... எல்லாம் பைசா சுத்தம். பர்மா வழியாகத் தாய்லாந்து போகத்தான் முதலில் ஆசையாம். 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கே நடக்கிற சண்டையைப் பார்த்து விட்டுவிட்டார்கள். விவரமான பிள்ளைகள்தான். ஆனால் ரூம் வாடகைக்கு நேரே மட்டும் பாதி நாட்களுக்கு சைபர்!

"ராத்திரி ஓட்டிட்டா லாட்ஜ் செலவு மிச்சம்ங்கய்யா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இங்கிருந்து சோனாலி எல்லைக்கே சுமார் இரண்டாயிரம் கிலோமீட்டர். நைட் ஷிப்ட் பார்க்கிறவனுக்குத் தெரியாதா, விடியற்காலை மூன்று மணிக்குக் கண் எப்படிச் சொருகும் என்று? மிஷின் முன்னால் சொருகினால் சூப்பர்வைசர் திட்டுவார். ஹைவேயில் சொருகினால் திட்ட ஆள் இருக்காது. அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று சித்த மருத்துவம் சொல்வதில் தூக்கமும் ஒன்று. அதை அடக்க என்னிடம் சூரணம் இல்லை. இருந்தாலும் கொடுக்கமாட்டேன்.

காசு மிச்சம் பண்ண வேறு வழி இருக்கிறது. சென்னை வழியாக கோரக்பூர் போகும் ரப்திசாகர் எக்ஸ்பிரஸில் ஏறி, டாங்கைக் காலி செய்த வண்டியைப் பார்சலில் போடலாம். இறங்கும்போது உடம்பும் புதுசாக இருக்கும்.

அடுத்த பக்கத்தைப் புரட்டினால் பகீரென்றது. காலையில் போக்ராவில் கிளம்பி, சாயந்திரம் முக்திநாத்தில் ரூம்!

ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் முக்திநாத் ஆசை இல்லாத பெரியவர் குறைவு. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் அல்லவா! நானும் என் அண்ணாவோடு ஒரு யாத்திரை கோஷ்டியில் போனேன். ஒரு நாள் தங்கல் மிச்சமாகட்டும் என்று அவர்களும் இதே கணக்குத்தான் போட்டிருந்தார்கள். போக்ரா சுமார் 800 மீட்டர் உயரம். முக்திநாத் 3,700-க்கு மேல். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ராத்திரி அண்ணாவுக்குத் தலைவலி, குமட்டல். "பித்தம்" என்று முடிவு கட்டி சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டேன். காலேஜில் படித்துப் பட்டம் வாங்கிய வைத்தியன், சொந்த அண்ணனுக்கு! விடிவதற்குள் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஜீப் பிடித்து ஆயிரம் மீட்டர் கீழே ஜோம்சோமுக்கு இறக்கி, அங்கே ஆக்சிஜன் வைத்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் பற்றை நம்பி உட்கார்ந்திருந்தால்... நினைக்கவே பிடிக்கவில்லை.

அதனால் அந்தத் தம்பியின் நோட்டில் நானே எழுதினேன். சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஜோம்சோமில் ஒரு ராத்திரி கட்டாயம். மறுநாள் முக்திநாத் ஏறி சேவித்துவிட்டு, திரும்பவும் ஜோம்சோமில் வந்து படுக்கை. தலைவலியோடு குமட்டல் வந்தால் மேலே ஏறக் கூடாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் கீழே இறங்கவேண்டும். முன்கூட்டியே சாப்பிட அசிட்டசோலமைடு என்ற அலோபதி மாத்திரை உண்டு. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிக் கேட்டு வாங்கவேண்டும். சித்த மருத்துவன் இதை எழுதலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

என் பங்குக்குக் கொடுத்தது மலை வளைவில் வரும் குமட்டலுக்கு இஞ்சி லேகியம், அவ்வளவுதான். பேதிக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் பத்து. பிளட் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் முழுப் பயணத்துக்கும் வேண்டியதைச் சீட்டோடு எடுத்துப் போகவேண்டும். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் பற்பம், செந்தூரம் கொண்டுபோனால் எல்லையில் பதில் சொல்லி மாளாது. நாய் கடித்தால் வயலில் பச்சிலை தேடாமல், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடவேண்டும். ஆதார் கார்டை மட்டும் நம்பாமல் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

பூட்டானை இந்தத் தடவை விட்டுவிடு என்றேன். திம்புவில் அவர்களுடைய பாரம்பரிய வைத்திய ஆஸ்பத்திரியைப் பார்க்க எனக்கே ஆசைதான். ஆனால் பதினான்கு நாளில் இரண்டு தேசம் என்றால் கடன் தூக்கத்திடம்தான் வாங்கவேண்டியிருக்கும்.

போன வாரம் தைலத்துக்கு வந்தான். பூட்டானை அடுத்த வருஷத்துக்குத் தள்ளியாச்சாம், ஜோம்சோமில் இரண்டு ராத்திரி சேர்த்தாச்சாம். ரயில் பார்சல் பற்றிக் கேட்டேன். "பசங்ககிட்ட பேசறேன்ங்கய்யா" என்று தலையைச் சொறிந்தான்.