ஜியாக்ரபி டிபார்ட்மென்ட்டுக்கு பிளான் இருக்கா பாஸ்?

நாக் கமிட்டி வருதுன்னா காலேஜே கல்யாண வீடு மாதிரி ஆயிடும், கவனிச்சிருக்கீங்களா? மூணு வருஷமா ஒழுகின குழாய்க்கு அன்னிக்குத்தான் பிளம்பர் வருவார். வராண்டா முழுக்க வாடகைக்கு வந்த குரோட்டன்ஸ் தொட்டிகள். ஒவ்வொரு டிபார்ட்மென்ட் வாசலிலும் பளபளன்னு 'விஷன்', 'மிஷன்' போர்டு. ஜியாக்ரபி போர்டில் இப்போதெல்லாம் ஒரு வார்த்தை கண்டிப்பா இருக்கும்... சஸ்டெய்னபிலிட்டி! அடுத்த தலைமுறைக்கும் மிச்சம் வைத்து இன்றைக்கு வாழ்வது என்று அர்த்தம். நல்ல வார்த்தைதான். ஆனா அதே வார்த்தை எதிர் பில்டிங்கில் சிவில் போர்டிலும் இருக்கு, மாடியில் எம்.பி.ஏ. போர்டிலும் இருக்கு. கேன்டீன்காரர் ஒருத்தர்தான் இன்னும் எழுதலை.

இந்த வாரம் பேசப்போறது அந்த போர்டுக்குப் பின்னாடி இருக்க வேண்டிய சமாச்சாரம். ஒரு யுனிவர்சிட்டியின் ஜியாக்ரபி துறை, அடுத்த பத்து வருஷத்துக்கு என்ன செய்யப் போறோம்னு எப்படி முடிவு பண்ணணும்? 'அது ஹெச்.ஓ.டி. கவலை, நமக்கென்ன'ன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. இதைச் சரியா முடிவு பண்ணலைன்னா டிபார்ட்மென்ட்டே காணாமல் போகும். போயிருக்கு!

எங்கே? ஹார்வர்டில். அந்தப் பல்கலைக்கழகம் 1948-ல் தன் புவியியல் படிப்பை மூட முடிவெடுத்தது. காசுப் பிரச்னை ஒரு பக்கம், உள்குத்து ஒரு பக்கம். ஆனால் பெரிய சங்கடம் வேறு. 'ஜியாலஜிக்காரர் பார்க்காத, எகனாமிக்ஸ்காரர் பார்க்காத எதை நீங்க பார்க்கறீங்க?' என்ற கேள்விக்கு அவர்களால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கப்புறம் 1980-களில் மிச்சிகன், கொலம்பியா, நார்த்வெஸ்டர்ன் என்று வரிசையாக அமெரிக்காவில் புவியியல் துறைகள் இழுத்து மூடப்பட்டன.

இந்த லிஸ்ட்டில் எனக்கு ரொம்ப உறுத்துவது சிகாகோதான். அங்கே 1903-லேயே துறை ஆரம்பித்தாயிற்று. கில்பர்ட் ஒயிட் என்ற மாணவர் 1942-ல் அங்கே வெள்ளத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினார். 'அணை கட்டு, கரையை உசத்து' என்பதுதான் அன்றைய அமெரிக்க அரசு வெள்ளத்துக்குக் கொடுத்த மருந்து. ஒயிட் வேறு மாதிரி யோசித்தார். கரை உயர்ந்ததும் 'இனிமே பயமில்லை'ன்னு ஜனங்க ஆத்தோரத்திலேயே வீடு கட்டிக் குடியேறுகிறார்களே, அடுத்த பெரிய வெள்ளத்தில் நஷ்டம் கூடுமா, குறையுமா? 1956-ல் அவரே அந்தத் துறைக்குப் பேராசிரியராகத் திரும்பி வந்தார். அவரும் சகாக்களும் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து 1958-ல் ஒரு அறிக்கை கொடுத்தார்கள். வெள்ளத் தடுப்புக்கு அவ்வளவு பணம் கொட்டிய பிறகும் வெள்ளம் பாயும் நிலத்தில் கட்டடங்கள் கூடிக்கொண்டே போயின என்பது அதில் தெரிந்தது. 1966-ல் வெள்ள நஷ்டம் பற்றி அமெரிக்க அரசு அமைத்த குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

சஸ்டெய்னபிலிட்டி என்ற வார்த்தை ஃபேஷன் ஆவதற்கு முன்பே நடந்த வேலை இது. அப்படிப்பட்ட துறை 1986-ல் கலைக்கப்பட்டு வெறும் ஒரு 'கமிட்டி'யாகச் சுருங்கியது.

எப்படி? பல காரணம் சொல்வார்கள். என் கணக்கு இது: அந்தக் கேள்வி துறையோடது ஆகவே இல்லை, ஆளோடதாகவே இருந்தது. 1970-ல் ஒயிட் கொலராடோ போனார், இயற்கைப் பேரிடர் ஆய்வு மையம் 1976-ல் அங்கே முளைத்தது. அவருடைய சிஷ்யர் ராபர்ட் கேட்ஸ் கிளார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டிருந்தார். 2001-ல் 'சஸ்டெய்னபிலிட்டி சயின்ஸ்' என்று ஒரு புதுத் துறைக்கே பேர் வைத்து வந்த கட்டுரையில் முதல் பெயர் இந்த கேட்ஸுடையதுதான். விதை சிகாகோ, அறுவடை வெளியூர்!

(கொசுறு: 2006-ல் ஹார்வர்டு 'புவியியல் பகுப்பாய்வு மையம்' திறந்தது. 2016-ல் சிகாகோ, இடம் சார்ந்த புள்ளியியலில் பெரிய தலையான லூக் ஆன்செலினை அழைத்துக்கொண்டது. கதவை மூடிட்டு ஜன்னல் வழியா கூப்பிடுவதுன்னா இதுதான். ஹார்வர்டில் டிபார்ட்மென்ட் திரும்பி வரவே இல்லை.)

இப்போ எதிர்மாதிரி ஒரு கதை. ஆன்செலின் சிகாகோவுக்கு வருவதற்கு முன் இருந்த இடம், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம். ஃபீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய பாலைவனப் பிரதேசம். 2006-ல் அங்கே சஸ்டெய்னபிலிட்டிக்கென்றே தனிப் பள்ளி தொடங்கினார்கள். ஜியாக்ரபிக்கு அதோடு கதை முடிஞ்சிருக்கணும் இல்லையா? முடியலை. 2009-ல் நகரத் திட்டமிடலோடு சேர்த்து அதைத் தனிப் பள்ளியாகவே வைத்துக்கொண்டார்கள்.

அதைவிட முக்கியம், அந்தப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்ட இடம். உலகம் பூராவையும் காப்பாத்தறோம்னு கிளம்பாமல், 1997-லிருந்து தங்கள் ஊரையே நீண்டகாலச் சூழல் ஆய்வுக் களமாக எடுத்து அளக்கிறார்கள். 2021-ல் ஃபீனிக்ஸ் மாநகராட்சி வெயிலைச் சமாளிக்கத் தனி அலுவலகம் தொடங்கியபோது, அதன் தலைவராகப் போன டேவிட் ஹோண்டுலா இந்தப் பல்கலைக்கழகத்தில் வெப்ப ஆராய்ச்சி செய்தவர். 2023-ல் அந்த ஊரில் தொடர்ந்து 31 நாள், தினமும் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொளுத்தியது. அந்த ஒரே வருஷத்தில் மாரிகோப்பா மாவட்டத்தில் வெயிலோடு தொடர்புடைய சாவுகள் 645. எந்தத் தெருவில் நிழல் இல்லை, எந்தப் பகுதியில் ராத்திரியும் சூடு இறங்கவில்லை என்பது அங்கே உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. அதற்கு ஜியாக்ரபிதான் பதில் சொல்லணும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 1926-லேயே மதராஸ் புவியியல் சங்கம் தொடங்கி ஜர்னல் போட்ட ஊர் இது. ஆனா இன்னைக்கும் பி.எஸ்ஸி. ஜியாக்ரபி படிக்கிற பையனிடம் சொந்தக்காரங்க கேட்கும் கேள்வி, 'மேப் வரையற படிப்பா தம்பி? ஸ்கூல் வாத்தியார் ஆகலாம், இல்ல?'

நம்ம முன்னாடி இருக்கிற கேள்வியைப் பாருங்க. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, அடையாறு கரை புரண்டு சென்னை மூழ்கியது. 2019 ஜூனில் அதே ஏரி கிட்டத்தட்ட பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நாலே வருஷம்! சிவில்காரர் மதகைப் பார்ப்பார், வானிலைக்காரர் மேகத்தைப் பார்ப்பார். ஏரிக்கு நீர் வரும் கால்வாய் எங்கே போச்சு, அந்த இடத்தில் எந்த வருஷம் எந்த நகர் முளைச்சது, அங்கே போர் தண்ணி எத்தனை அடி இறங்கியது... இதையெல்லாம் ஒரே மேப்பில் வைத்துப் பார்க்க வேண்டியவர் யாரு?

ஆகவே ஹெச்.ஓ.டி. சார், மேடம்... 'காலநிலை, காடு, கடல், நகரம், ஆறு அனைத்திலும் சிறந்து விளங்குவோம்'னு எழுதறது பிளானே இல்லை, அது கல்யாணப் பத்திரிகை. நாலு ஆசிரியர், அறுபது மாணவர் இருக்கிற துறை ஒரே ஒரு ஆற்றுப் படுகையை எடுத்துக்கட்டும். நெல்லைன்னா தாமிரபரணி, மதுரைன்னா வைகைக் கண்மாய்கள், சென்னைன்னா 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை. பத்து வருஷத்துக்கு அதுதான் களம். பேராசிரியர் ரிட்டயர் ஆனாலும் களம் ரிட்டயர் ஆகக் கூடாது.

காசு எங்கேங்கறீங்களா? 1972-லிருந்து எடுத்த லேண்ட்சாட் படங்கள் 2008-லிருந்து இலவசம். சென்டினல்-2 படங்களில் பத்து மீட்டர் நுணுக்கம், அதுவும் இலவசம். மேப் போட க்யூஜிஐஎஸ், அதுவும் ஃப்ரீ. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியதால், மேப் தயாரிக்க முன்பிருந்த அனுமதிக் கெடுபிடியும் பெரும்பாலும் போயாச்சு. ஒரு ஏரியின் நாற்பது வருஷக் கதையை லேப்பில் உட்கார்ந்தே பார்க்கலாம். அப்படி ஒரு ஏரியைப் பார்த்து, அளந்து, ரிப்போர்ட் எழுதின மாணவனுக்கு இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும். திட்டக் குழுமம், பேரிடர் மேலாண்மை, ஜிஐஎஸ் கம்பெனி, எங்கே போனாலும் கேட்கப்போறது 'என்ன செஞ்சே?'ன்னுதான்.

எதை விடறதுன்னும் பிளானில் எழுதணும். என் முதல் ஓட்டு, அந்த ஊட்டி டூருக்கு! மூணு நாள், ரெண்டு பஸ், பொட்டானிக்கல் கார்டனில் குரூப் போட்டோ, 'ஃபீல்டு ஸ்டடி' என்று பைண்டிங் போட்ட போன வருஷ ரெக்கார்டு. (அடிக்க வராதீங்க, டூர் போங்க... அதுக்கு ஃபீல்டு வொர்க்னு பேர் வைக்காதீங்க!) அதே நாட்களில், பருவமழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, படுகையில் ஐம்பது கிணற்றின் நீர்மட்டம் அளக்கலாம். ஒவ்வொரு பேட்ச்சும் அதே ஐம்பது கிணறு. ஃபர்ஸ்ட் இயர் அளந்ததை உங்க ஜூனியரின் ஜூனியர் தொடர்வான். அஞ்சாவது வருஷம் பஞ்சாயத்துத் தலைவரே நோட்டைக் கேட்டு வருவார்.

கடைசியா, பிளானில் யாரும் எழுதாத ஒரு வரி. மழைமானியைத் தினமும் காலை 8.30 மணிக்குப் படிக்கணும், வானிலைத் துறை கணக்கு அது. நமக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போதான் தீபாவளி லீவு. கொஞ்சம் பலமாகப் பெய்தால் கலெக்டர் வேறு லீவு விட்டுவிடுவார். அளக்க வேண்டிய மழை கொட்டும்போது டிபார்ட்மென்ட்டுக்குப் பூட்டு! அதனால ஹாஸ்டலில் இருக்கிற நாலு பேர் பெயர், அவங்க ஊருக்குப் போனா மாற்று ஆள் பெயர், மொட்டை மாடிச் சாவி யார்கிட்டே, நோட்டு எந்த அலமாரியில்... இதெல்லாம் அந்த பிளானில் இருக்கான்னு உங்க ஹெச்.ஓ.டி.கிட்டே கேளுங்க. வாட்ச்மேன் அண்ணனையும் லிஸ்ட்டில் சேர்த்துக்கோங்க, அவர்தான் எந்த லீவுக்கும் அங்கே இருப்பார்.