பறவாத விமானத்திற்குப் பெற்ற பணம்

கூலியை முன்னரே பெற்றுக்கொண்டு வேலையைச் செய்யாமல் போகின்றவனை ஊரார் ஏமாற்றுக்காரன் என்பர். கட்டணத்தை முன்னரே பெற்றுக்கொண்டு பயணியை ஏற்றாமல் போகும் விமான நிறுவனத்தையோ, நிதி நெருக்கடிக்கு ஆளாயிற்று என்று நயமாகக் குறிப்பிடுகின்றோம். இச்சொல் வேறுபாடு எதனால் வந்தது? சொற்களை எடைபோட்டுப் பழகிய தமிழாசிரியர்களும் மாணவர்களும் இவ்வினாவைச் சிந்தித்தல் வேண்டும்.

2022 டிசம்பர் 1ஆம் நாள் பறக்கத் தொடங்கிய மைஏர்லைன் என்னும் மலிவுக் கட்டண நிறுவனம், 2023 அக்டோபர் 12ஆம் நாள் தன் சேவை முழுவதையும் உடனடியாக நிறுத்திவிட்டதாக அறிவித்தது. பதினொரு திங்கள்கூட நிறையவில்லை. பயணச்சீட்டு வாங்கிவிட்டு ஏமாந்தோர் ஏறத்தாழ 125,000 பேர். அவர்கள் செலுத்தியிருந்த பணம் ஏறத்தாழ 2 கோடி வெள்ளி. அவ்வாண்டுத் தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதமே இருந்தது.

கோலாலம்பூரிலிருந்து பினாங்கு செல்ல நினைத்தவர் பேருந்தையோ இரயிலையோ நாடலாம். கூச்சிங்கிற்கும் கோத்தா கினபாலுவிற்கும் செல்ல வேண்டியவர் யாது செய்வார்? இடையில் கிடப்பது தென்சீனக் கடலன்றோ! பிற நிறுவனங்கள் சலுகைக் கட்டணத்தில் இடமளித்தன. அது நற்செயலே. ஆயினும், ஒரே பயணத்திற்கு இருமுறை பணம் கட்டுவதைச் சலுகை என்பது பொருந்துமா?

“மலிவைத் தேடிப் போனால் இதுதான் கதி” என்பர் சிலர். இக்கூற்று ஏழையின் காயத்தில் உப்பிடுவதாகும். குறைந்த கட்டணத்திற்குக் குறைந்த வசதி என்பதே உடன்பாடு. உணவு இல்லை, பெட்டிக்குத் தனிக்கட்டணம், இவற்றுக்கு அவன் இசைந்தான். பயணமே இல்லை என்பதற்கு எவன் இசைந்தான்? மேலும், நிறுவனத்தின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரம் பயணிக்கு இல்லை. அரசு உரிமம் அளித்திருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே அவன் பணம் கட்டுகின்றான்.

“வாணிகத்தில் நட்டம் இயல்பு” என்பர் வேறு சிலர். உண்மையே. இலாபத்தில் பங்கு பெறுபவன் நட்டத்திலும் பங்கு பெறட்டும். பயணி பங்காளி அல்லன். பயணம் நிகழும்வரை பயணச்சீட்டுப் பணத்தை வருமானமாக அன்றிக் கடன்பொறுப்பாகவே எழுத வேண்டும் என்பது கணக்கியல் முறை. ஏட்டில் கடன் என்று எழுதிவிட்டு, கையில் வருமானம்போல் செலவிடுவது எவ்வகை நேர்மை?

பள்ளிச் சுற்றுலாவுக்கென்று பெற்றோர் கட்டிய பணத்தை ஒரு தலைமையாசிரியர் கூரையைச் செப்பனிடச் செலவழித்தால் நாம் வாளா இருப்போமா? அவர் நோக்கம் நல்லது என்று கூறி விட்டுவிடுவோமா? மாட்டோம். பள்ளிக்கு ஒரு நீதி, விமான நிறுவனத்திற்கு வேறொரு நீதியா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் வான்பயணப் பயனீட்டாளர் பாதுகாப்பு நெறிமுறை, 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. பெட்டியே காலியான பின்னர் நெறிமுறை எதைத் திறந்து கொடுக்கும்? கடன் அட்டையில் கட்டியவர் வங்கியிடம் முறையிட வழியிருந்தது. வங்கிக் கணக்கிலிருந்து நேரே கட்டியவருக்கு அவ்வழியும் இல்லை. இஃது எதிர்பாராத இடியும் அன்று. 2015 டிசம்பரில் பறக்கத் தொடங்கிய ரயானி ஏர், 2016 ஏப்ரலில் முடங்கி, ஜூனில் உரிமம் இழந்தது. ஏழாண்டுக்கு முன்னரே கண்ட பாடத்தை நாம் படிக்கவில்லை.

பிற நாடுகள் படித்திருக்கின்றன. 1974இல் கோர்ட் லைன் நிறுவனம் வீழ்ந்து பல்லாயிரவர் வெளிநாடுகளில் தவித்த பின்னர், பிரிட்டன் சுற்றுலாப் பயணிகளுக்கெனக் காப்பு நிதி ஒன்றை ஏற்படுத்திற்று. 2017இல் மோனார்க் நிறுவனம் வீழ்ந்தபோது பல்லாயிரவரை அந்நாட்டு வான்போக்குவரத்து ஆணையம் தாயகம் கொண்டுவந்து சேர்த்தது. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கப்படும் தனி வாடகை விமானப் பயணங்களுக்கான பணம், பயணம் முடியும்வரை வங்கியில் தனிக் கணக்கில் இருத்தல் வேண்டும். அல்லது அதற்குப் பிணையம் கட்டப்படுதல் வேண்டும்.

இவ்வாறு செய்தால் கட்டணம் உயரும் என்று அஞ்சுவோர் உளர். சிறிது உயரலாம், உயரட்டும். நாளைய பயணியின் பணத்தைக் கொண்டு இன்றைய எரிபொருளை வாங்கிக் காட்டும் மலிவு, மலிவே அன்று. அது பிறர் தலையில் ஏற்றிய கடன்.

2025 ஆகஸ்டு 1 முதல் வான்பயணப் பாதுகாப்பும் பயனீட்டாளர் நலனும் ஒரே ஆணையத்தின் பொறுப்பாகிவிட்டன. இனிப் பொறுப்பை ஒருவர்மேல் ஒருவர் தள்ளுதற்கு இடமில்லை. புதிய நிறுவனம் எதுவாயினும், பயணியின் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கவோ ஈடான பிணையம் காட்டவோ இசைந்த பின்னரே உரிமம் பெறுதல் வேண்டும். இரக்கத்தையும் தள்ளுபடியையும் நாம் கேட்கவில்லை. கொடுத்த பணத்திற்குக் காவல் கேட்கின்றோம்.