கூரையில் விளைந்த மின்னைக் கொடுக்கும் உரிமை யாருக்கு?

கோடை நண்பகல். ஒரே தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒரு வீட்டின் மாடியிற் கதிரொளித் தகடுகள் வெயிலை வாங்கி மின்னாக்கிக் கொண்டிருக்கின்றன. வீட்டார் பணிக்கும் பள்ளிக்கும் சென்றுவிட்டமையால் அம்மின் அவ்வீட்டிற்கு அப்பொழுது வேண்டுவதில்லை. அடுத்த வீட்டிலோ ஒரு தையற்காரர் மின்பொறியில் துணி தைத்துக்கொண்டிருக்கின்றார். தகட்டு வீட்டில் மிகுந்த மின் எங்குப் போகின்றது?

மின்னோட்டம் ஆட்சியாளரின் ஆணையைக் கேட்டு ஓடுவதன்று. தெருக்கம்பியில் ஏறிய மிகுமின் பெரும்பாலும் மிக அருகில் எங்குத் தேவையுண்டோ அங்கேயே செலவாகின்றது. ஆகவே அது தையற்காரரின் பொறியையே ஓட்டுகின்றது. ஆனால் கணக்கு மட்டும் அவ்வழியே போவதில்லை! அடுத்த வீட்டு மின்னுக்குத் தையற்காரர் வாரியத்திற்கே விலை கொடுக்கின்றார். தகட்டு வீட்டாரோ வாரியம் எழுதியதைப் பெற்றுக்கொள்கின்றார். மின் நடந்தது பத்தடி. கணக்கு நடந்தது தலைநகர் வரை. இடைச்சுவர் மேல் ஓர் உழக்கு அரிசியைக் கைமாற்றாகக் கொடுத்து வாங்கும் இவ்விரு வீட்டாரும், ஓர் அலகு மின்னை ஒருவர்க்கொருவர் தாமே கொடுத்து வாங்கத் தடையென்ன?

தடை சட்டத்தில் இருக்கின்றது. 2003ஆம் ஆண்டு தில்லி நாடாளுமன்றம் இயற்றிய மின்சாரச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, உரிமம் பெற்றவரோ விலக்குப் பெற்றவரோ அல்லாத எவரும் மின்னைக் கடத்தவும் பகிரவும் வாணிகஞ் செய்யவுங் கூடாதென்கின்றது. மின்னை ஆக்குவதற்கு உரிமம் வேண்டா, கொடுப்பதற்கே வேண்டும்! பசுவை வளர்க்கலாம், பால் கறக்கலாம். அண்டை வீட்டுக் குழந்தைக்கு ஆழாக்குப் பால் அளப்பதற்கு மட்டும் உரிமம் வேண்டும் என்பது போன்றதன்றோ இது?

இதன் விளைவை ஒரு கணக்குக் காட்டும். 2019ஆம் ஆண்டு தமிழ்நாட்டு மின் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைப்படி, கூரையினின்று வாரியத்தின் கம்பிக்கு ஏறிய மிகுமின்னுக்கு வீட்டார் பெறத்தக்க விலை அலகுக்கு 2 உருபா 28 காசு. அந்நாளில் இரு திங்களில் 500 அலகைக் கடந்த வீட்டார், கடந்த ஒவ்வோர் அலகுக்கும் கொடுத்த விலையோ 6 உருபா 60 காசு. ஒரே மின், ஒரே தெரு, ஒரே பொழுது. விலை மட்டும் ஏறத்தாழ மும்மடங்கு! பின்னர் 2021இல் வீட்டார்க்குக் கொண்டதையும் கொடுத்ததையுங் கழித்து எழுதும் நிகர அளவி முறை மீண்டும் வந்தது. எனினும் அடிப்படை மாறிற்றா? இல்லை. அன்றும் இன்றும் கூரையார் கணக்கு வாரியத்தோடுதான். அண்டை வீட்டாரோடு அன்று.

வாரியம்! இச்சொல்லைச் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். காஞ்சிக்கு அணித்தான உத்தரமேரூர்க் கோயிற் சுவரில், முதற் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இன்றும் நிற்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என ஊர்ப்பணிகளைப் பிரித்து, குடவோலையால் ஆள் தெரிந்து, கணக்குக் கேட்டு, பிழை செய்தாரை நீக்கிய முறையை அவை கூறுகின்றன. அவ்வவை பிறப்பும் நிலமும் பார்த்து ஆள் தெரிந்த அவை என்பதும், ஏர்பிடித்த எளியவர்க்கு அங்கு இடமில்லை என்பதும் மறைக்கத்தக்கன அல்ல. அக்குறையைப் போற்றுதல் வேண்டா. ஆயினும் வாரியம் என்பது அன்று ஊரின் கண்ணெதிரே ஊர் நீரை ஊர்க்கே அளந்த குழுவின் பெயர். இன்றோ அதே சொல், ஊரார் கண்ணாற் காணவியலாத தொலைவில் அமர்ந்து ஊர் மின்னுக்கு விலை வகுக்கும் அலுவலகத்தின் பெயர். சொல் தமிழ்ச்சொல்லாகவே நின்றது. பொருள் மட்டும் ஊரைவிட்டுப் போயிற்று. சொல்லைக் காத்து வாழ்வை இழப்பது தமிழ்காப்பு ஆகாது.

இப்போக்கு எவ்வாறு வந்தது? 1948ஆம் ஆண்டு மின் வழங்கற் சட்டத்தின்கீழ், 1957ஆம் ஆண்டு சூலைத் திங்களிற் சென்னை மாநில மின் வாரியம் அமைந்தது. அவ்வாரியமும் அதன் தொழிலாளரும் செய்த பணி சிறிதன்று. நீலமலையின் அருவிகளினின்றும் நெய்வேலி நிலக்கரியினின்றும் பிறந்த மின்னைத் தமிழ்நாட்டின் மூலை முடுக்கிலுள்ள குடிசைக்கும் கிணற்றுக்கும் கொண்டு சேர்த்தவர் அவர். பெரிய அணையும் பெரிய உலையுமே மின்னின் பிறப்பிடமாக இருந்த அந்நாளில், பெரிய வாரியம் வேண்டியதாயிற்று. அது காலத்தின் தேவை.

இன்று காலம் மாறிற்று. வெயிலுக்குத் தலைநகர் இல்லை; காற்றுக்குச் செயலகம் இல்லை. குமரி முனையை அடுத்த முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் வீசுங் காற்று தமிழ்நாட்டுக் காற்று. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கின்றது. மின்னின் பிறப்பிடம் ஊர்தோறும் பரவிவிட்டது. ஆனால் ஆளும் உரிமையோ எதிர்த்திசையிற் குவிந்துகொண்டே போகின்றது. மின்சாரம் அரசியற் சட்டத்தின் பொதுப்பட்டியலில் வைக்கப்பட்டமையால் தில்லியின் சொல்லே இறுதிச் சொல்லாகின்றது. 2013ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள் தென்னாட்டு மின்கட்டமைப்பும் வடபுலக் கட்டமைப்போடு பிணைக்கப்பட்டு, 'ஒரே நாடு, ஒரே கட்டமைப்பு' என்று முழங்கப்பட்டது. 2016இல் நெய்வேலி நிறுவனத்தின் பெயரே 'என்எல்சி இந்தியா' என மாற்றப்பட்டது. மண்ணைத் தோண்டக் கொடுத்த ஊரின் பெயர் ஓர் எழுத்தாய்ச் சுருங்கிற்று. 2024இல் கூரைத் தகடுகளுக்கு மானியம் தரும் திட்டம் வந்தது. அதன் பெயரோ 'சூர்ய கர் முப்த் பிஜிலி யோசனா'! தமிழன் கூரை, தமிழ்நாட்டு வெயில். பெயர்ப்பலகை மட்டும் இந்தி. பெயரில் தொடங்குவது உரிமையில் முடியும் என்பதைத் தமிழர்க்குப் புதிதாகச் சொல்லவும் வேண்டுமோ?

அண்டையார் தம்முள் மின் மாற்றிக்கொள்ளுதல் வெறுங் கனவென்று சிலர் நகையாடுவர். அவர் கண்திறந்து பார்க்க. 2016ஆம் ஆண்டு ஏப்பிரலில், அமெரிக்க நாட்டு நியூயார்க்கு மாநகரின் புரூக்ளின் பகுதியில், ஒரு தெருவின் ஒருபுறத்துக் கூரைகளில் விளைந்த மின்னை மறுபுறத்து வீட்டார் விலைக்குக் கொண்டனர். உத்தரப்பிரதேசத் தலைநகர் இலக்னோவில் 2020ஆம் ஆண்டின் இறுதியில், கூரை மின்னை ஒரு கட்டடத்தார் மற்றொரு கட்டடத்தார்க்கு விற்கும் வெள்ளோட்டம் தொடங்கிற்று.

இவற்றினும் தமிழர் நெஞ்சிற்கு நெருங்கியது வங்கநாட்டின் எடுத்துக்காட்டு. 1952இல் தாய்மொழிக்காகக் குருதி சிந்தி, 1971இல் தனிநாடு கண்ட மக்கள் அவர். அந்நாட்டில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தால், பெருங்கம்பி எட்டாத சிற்றூர்களில் 40 இலக்கத்திற்கும் மேற்பட்ட வீடுகள் கூரைத் தகடு பெற்றன. பகலில் ஒரு வீட்டில் மின்கலம் நிரம்பி வழியும். அடுத்த குடிசையில் விளக்கே இராது. 2015ஆம் ஆண்டு சரியத்பூர் மாவட்டத்தில், தாக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட சோல்சேர் எனும் நிறுவனம் இவ்வீடுகளைச் சிறு கம்பிகளாற் பிணைத்தது. தகடுள்ளவர் மிகுந்ததை விற்றனர். தகடு வாங்கவியலாத ஏழையர் வேண்டிய அளவு வாங்கினர். விலை செல்பேசி வழியே கைமாறிற்று. வங்கநாட்டுச் சிற்றூரார்க்கு இயன்றது தமிழ்நாட்டுச் சிற்றூரார்க்கு இயலாதோ?

இம்முறை விளங்குதற்கு அரியதன்று. ஒவ்வொரு வீட்டிலும் கொண்டதையுங் கொடுத்ததையுந் தனித்தனியே குறிக்கும் மின்னளவி ஒன்று. ஒவ்வொரு 15 மணித்துளிக்கும் எவர் எவ்வளவு கொடுத்தார், எவர் எவ்வளவு கொண்டார் என்று பதியும் பொதுப் பேரேடு ஒன்று. இன்ன விலைக்குக் கொடுப்பேன், இன்ன விலைக்குக் கொள்வேன் என்னும் இருவரையும் இணைக்குங் கணிப்பொறி ஒன்று. தெருக்கம்பிக்கு உரிய கூலியை வாரியத்திற்குக் கொடுத்துவிடுதல். இவ்வளவே! முறைநீர் பாய்ச்சி, மடைதோறும் பொழுதளந்து வயலுக்கு வயல் நீர் பகிர்ந்த உழவர் வழியினர்க்கும், உப்பைக் கொடுத்து நெல்லைக் கொண்ட உமணர் வழியினர்க்கும் இக்கணக்கு அயலதோ?

இதற்குப் பெயரும் ஆங்கிலத்தில் தேடிக் கிடக்க வேண்டா. அண்டை வீட்டார் நம்பிக்கையின்மேற் கொடுத்து வாங்குவதைத் தமிழ்மக்கள் 'கைமாற்று' என்பர். அதுபற்றி இதனை 'மின்கைமாற்று' என வழங்குதல் தகும். வாரியத்திற்குக் கொடுப்பது 'கம்பிக்கூலி'. பெயர் தமிழாயின் பொருள் மக்களுடையதாகும். பெயர் விளங்காதாயின் பொருளும் பிறர் கைக்குப் போகும்.

இனி, நல்லெண்ணத்தோடு எழுப்பப்படும் ஒரு தடை உண்டு. அதற்கு விடை கூறாது செல்லுதல் நேர்மையன்று. தமிழ்நாட்டு உழவர் கிணற்றுக்கு விலையில்லா மின் பெறுகின்றனர். 2016ஆம் ஆண்டு முதல் வீட்டார் இரு திங்களுக்கு 100 அலகு விலையின்றிப் பெறுகின்றனர். மிகுதியாக நுகர்வோர் மிகுதியாகக் கொடுப்பதும், அரசு தன் கருவூலத்தினின்று ஈடு செய்வதுமே இவ்வறத்தைத் தாங்குகின்றன. மாடி வீட்டார் எல்லாரும் தம்முள் மின் மாற்றிக்கொண்டு வாரியத்தைக் கைவிட்டால், கடனில் மூழ்கிய வாரியம் என்னாகும்? கூரையே இல்லாதவன் நிலை என்னாகும்?

இக்கேள்வி உண்மையானது. அதனாலேதான் மின்கைமாற்றுப் பணம் படைத்தவர் ஆடுகளமாகிவிடல் ஆகாது. கதிரவன் மறைந்தபின் மாடி வீட்டாரும் வாரியத்தின் கம்பியையே நாடுகின்றனர். ஆகவே கம்பிக்கூலியை அவர் முறையாகக் கொடுத்தே ஆகல் வேண்டும். கைமாற்றின் ஒவ்வோர் அலகினின்றும் ஒரு சிறு பங்கு ஊர்ப்பொதுவிற் சேர்ந்து, கூரையில்லா வீட்டின் விளக்கை எரித்தல் வேண்டும். வாரியத்தை வீழ்த்துவது இதன் நோக்கமன்று. வாரியத்தை மீண்டும் ஊரார்க்கு விடைசொல்ல வைப்பதே நோக்கம்.

உண்மையில் வாரியத்தை வீழ்த்த நிற்போர் வேறு. மக்கள் பணத்தால் நட்ட கம்பத்தின் வழியே, ஒரே ஊரிற் பல நிறுவனங்கள் மின் விற்க வழிசெய்யுஞ் சட்டத் திருத்தம் 2022இல் நாடாளுமன்றத்திற் கொண்டுவரப்பட்டதை மறத்தலாகாது. ஊரார் தாமே முன்வந்து இக்கைமாற்றை அமைத்துக்கொள்ளாராயின், நாளை அயல் நிறுவனம் ஒன்று வரும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு செயலியைக் கையிற் கொடுக்கும். கொடுப்பவனிடத்தும் கொள்பவனிடத்தும் தரகு பெறும். அப்பொழுது அண்டை வீட்டு மின்னுக்குத் தில்லியும் உரிமை கொண்டாடும். பெருமுதலாளியும் உரிமை கொண்டாடுவான். தெருவார் மட்டும் வாயடைத்து நிற்பர்.

ஊரார்க்கு இதை நடத்தும் ஆற்றல் உண்டா என்பார்க்கு, கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி விடை சொல்லும். மேட்டுப்பாளையத்தை அடுத்த அச்சிற்றூர் 2006ஆம் ஆண்டு, தன் சேமிப்போடு வைப்பகக் கடனும் பெற்று, 1 கோடியே 55 இலக்கம் உருபாவில் 350 கிலோவாட்டுக் காற்றாலை ஒன்றை வாங்கிற்று. தனக்கு வேண்டியது போக மிகுந்ததை வாரியத்திற்கு விற்றது. ஓர் ஊராட்சி காற்றாலைக்கு உடையதாயிற்று! ஆயின் அவ்வூரும் தன் மிகுமின்னை அண்டை ஊர்க்குத் தன் கையாற் கொடுக்க வழியில்லை. வாரியத்திற்கே விற்றல் வேண்டியிருந்தது. ஆக்கும் ஆற்றல் ஊரிடம். கொடுக்கும் உரிமை பிறரிடம். இதுவே இக்கட்டுரை முழுதுங் காட்டும் முரண்.

இம்முரணைத் தீர்க்கத் தில்லியின் வாயிலிற் சென்று நிற்கவும் வேண்டா. அதே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அரசு பரிந்துரைத்தால், ஊராட்சிகளுக்கும் நுகர்வோர் சங்கங்களுக்கும் கூட்டுறவுக் கழகங்களுக்கும் 12ஆம் பிரிவினின்று விலக்களிக்க ஒழுங்குமுறை ஆணையத்திற்கு இடந்தருகின்றது. அரசு அறிவிக்கும் ஊர்ப்புறங்களில் மின்னை ஆக்கிப் பகிர்வோர்க்கு உரிமமே வேண்டா என 14ஆம் பிரிவு கூறுகின்றது. பூட்டியவர் திறவுகோலையும் கதவிலேயே தொங்கவிட்டிருக்கின்றார்! எடுத்துத் திறக்கும் கைதான் வேண்டும்.

ஆகவே தமிழ்நாட்டு அரசு செய்யத்தக்கன மூன்று. முதலாவது, ஊராட்சிகளும் கூட்டுறவுக் கழகங்களும் மின்கைமாற்று நடத்த 13ஆம் பிரிவின்கீழ் விலக்குக் கேட்டுப் பெறுதல். இரண்டாவது, ஒரே மின்மாற்றியின்கீழ் உள்ள வீடுகள் தம்முள் மாற்றும் மின்னுக்கு, அது கடக்குந் தொலைவிற்கேற்பக் குறைந்த கம்பிக்கூலி வகுத்தல். பத்தடி நடந்த மின்னிடம் பல நூறு கல் நடந்த மின்னின் கூலியைக் கேட்பது நயன்மையன்று. மூன்றாவது, விதியும் பேரேடும் விலைச்சீட்டும் செயலியும் தமிழில் மட்டுமே முதன்மையாக அமைத்தல். தையற்காரர் தம் கணக்கைத் தாமே படித்தறியாத மின்கைமாற்று, மற்றுமொரு மின் வாரியமே ஆகும்.

மொழியுரிமை நாவில் தொடங்குவது. ஆயின் நாவோடு முடிவதன்று. தன் ஊர் நீரை, தன் ஊர் நிலத்தை, தன் கூரைமேல் விழும் வெயிலைத் தன் மொழியில் அளந்து, தன் அண்டையானோடு பகிரும் உரிமையே அதன் முழுமை. வெயில் எவரிடமும் உரிமம் கேட்டு வீசுவதில்லை. அதை வாங்கிய கூரைக்கும், அக்கூரையின்கீழ் வாழுந் தமிழனுக்கும், அடுத்த வீட்டிற்குக் கொடுக்க உரிமம் எதற்கு?