மரச்சீனிக்குச் சாவடி இல்லை

விழிஞ்ஞத்துக் கடற்கரைப் பேச்சைத் ‘தமிழ்க் கலப்பு மலையாளம்’ என்று ஒதுக்குவதும், குளச்சல் கடற்கரைப் பேச்சை ‘மலையாளக் கலப்புத் தமிழ்’ என்று ஒதுக்குவதும் கல்விப்புலத்தில் இன்னும் கூச்சமின்றி நடைபெறுகின்றன. இரு குற்றச்சாட்டுக்கும் சான்றாக நிறுத்தப்படுபவை பெரும்பாலும் ஒரே சொற்கள்தாம். ஒரே சொல் அங்கே தமிழென்றும் இங்கே மலையாளமென்றும் தண்டிக்கப்படுகிறதென்றால், குறை சொல்லில் இல்லை.

மரச்சீனியை எடுத்துக்கொள்ளலாம். மலபாரில் அக்கிழங்கு பூள. திருச்சூர்ப் பக்கம் கொள்ளி. மத்திய கேரளத்தில் கப்ப. தமிழகத்தின் பெரும்பகுதியில் மரவள்ளி. திருவனந்தபுரம் வட்டாரத்திலும் குமரி மாவட்டத்திலும் அது மரச்சீனி. திருவிதாங்கூரில் அப்பயிரைப் பரப்ப முனைந்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள். ஓர் அரசின் கீழ் இருந்த அடுக்களைகளில் ஒரே சொல் நிலைத்ததில் வியப்பென்ன? மலபாரின் மத்தியும் இங்கே சாளைதான். சென்னையின் கொட்டாங்குச்சி இங்கு சிரட்டை; யாழ்ப்பாணத்திலும் அதே சிரட்டை. அதனை ‘மலையாளச் சொல்’ என்று அடிக்கோடிடுவோர் யாழ்ப்பாணத்தாரை என்ன செய்வார்களோ!

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. விழிஞ்ஞத்தை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளை எல்லையூர் ஆயிற்று. அந்த நிர்வாகக் கோட்டை மொழிக்கோடாக வாசிப்பதே அடிப்படைப் பிழை. வினைமுற்றில் திணை, பால் காட்டும் விகுதி தமிழில் உண்டு, மலையாளத்தில் இல்லை என்பது மெய்யே. இலக்கண அடிப்படையில் இரண்டையும் பிரிப்பதில் தவறில்லை. ஆனால் விகுதிக்குப் போட்ட கோட்டை அகப்பைக்கும் சிரட்டைக்கும் நீட்டுவது ஆய்வாகாது.

மறைமொழிகளில் இவ்வுறவு இன்னும் தெளிவு. மலம் கழித்தலைத் தமிழர் ‘வெளிக்குப் போதல்’ என்பர். மலையாளிகள் ‘வெளிக்கிறங்ஙுக’ என்பர். வீட்டுக்குள் கழிப்பறை வந்த பின்னும் இரு மொழியும் வெளியேதான் செல்கின்றன. தமிழர் ‘தண்ணி’ அடிக்கின்றனர். மலையாளிகள் ‘வெள்ளம்’ அடிக்கின்றனர். மதுவை நீராக்கி நாணம் காக்கும் உத்தி ஒன்றே. குடிநீருக்கு வழங்கும் சொல் மட்டுமே வேறு. குமரி மாவட்டத்தில் அச்சொல்லும் வெள்ளம்தான். ‘கால் கழுவி வந்தேன்’ என்பதை இடக்கரடக்கல் என்று நன்னூல் வழியில் மனப்பாடம் செய்விக்கும் அதே வகுப்பறை, ‘வெளிக்கிருந்தான்’ என்று எழுதும் மாணவியைக் கொச்சை என்று திருத்துகிறது. தகுதி வழக்கு என்னும் உயர்பெயர் நூற்பாவுக்கு மட்டும் உரியதா? அம்மாணவி பேசியது தன் வீட்டின் தகுதி வழக்கு. திருத்தப்படுவது அவள் மொழியன்று, அவள் வீடு.

கேரளத்தின் போக்கும் இதற்குக் குறைந்ததன்று. தாயைத் ‘தள்ளை’ என்பதைக் குட்டநாட்டுத் திசைச்சொல்லாகத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் காட்டினர். இன்று பொதுமலையாளத்தில் ‘தள்ள’ மரியாதையற்ற சொல். திருவனந்தபுரத்தாரின் ‘தள்ளே’ என்னும் வியப்பொலியோ, 2005இல் ‘ராஜமாணிக்கியம்’ வந்த பின் கேரளம் முழுவதற்கும் சிரிப்புப் பொருள். உரையாசிரியர்கள் மதித்துப் பதிந்ததைத் திரையரங்கு கேலியாக்கியது, கல்விப்புலம் வாளாவிருந்தது.

முன்னோடிகள் இல்லாமலில்லை. நாகர்கோவில் பகுதியைச் சேர்ந்த வ. அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை நடத்தினார். பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். 1974இல் வெளிவந்த அவரது மலையாள வழக்காய்வு ஈழவர்–தீயர் பேச்சை எடுத்துக்கொண்டது. கடற்கரை அடுத்து வருவோருக்காகக் காத்திருந்தது, இன்றும் காத்திருக்கிறது. பள்ளிப்படிப்பையே முடிக்காத கி. ராஜநாராயணன் கரிசலுக்கு ஒரு சொல்லகராதி தொகுத்துவிட்டார். முனைவர் பட்டங்கள் மலிந்த இக்காலத்தில் விழிஞ்ஞத்து மீனவப் பெண்களின் அடுக்களைச் சொற்களுக்குக் குளச்சலோடு ஒப்பிட்ட ஒரு பட்டியலேனும் வேண்டாமா? குமரி வழக்கு ஆய்வுகள் நீரோடியில் நிற்கத் தேவையில்லை. அடுத்த ஊர் பொழியூர், அதற்கப்பால் பூவாறு, விழிஞ்ஞம் ஒரு பேருந்துப் பயணத் தொலைவு.