இல்லாததற்கு ஓர் அபராதம்

2018இல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையின் கவுன்ட்டரில் இருந்தேன். நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா, என்ட்ரி போட்ட பாஸ்புக்கில் ஒரு வரிமேல் விரலை வைத்து, "இது என்ன சார் புடிச்சிருக்கீங்க?" என்றார்.

118 ரூபாய். குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கு 100, அதன்மேல் ஜி.எஸ்.டி. 18.

"கணக்குல காசு கொறஞ்சு போச்சும்மா."

"காசு இல்லாமத்தானே சார் கொறஞ்சுச்சு. அதுக்கும் புடிப்பீங்களா?"

அன்றைக்கு அந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்திருந்த ஒரு நாள் கூலியே 224 ரூபாய். பதில் சொல்லாமல் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

அந்த அம்மாவின் கேள்வி 2024 ஜூலையில் மக்களவைக்கு வந்து சேர்ந்தது. ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இப்படிப் பிடித்தது சுமார் 8,500 கோடி ரூபாய் என்று நிதி அமைச்சகமே பதில் தந்தது. சாமானியரின் காலிப் பையைக்கூட அரசு விட்டுவைக்கவில்லை என்று எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி சாடினார். ஜன்தன் கணக்குக்கும் அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கும் அபராதமே கிடையாது என்றது அரசுத் தரப்பு.

அது உண்மைதான். பழைய சாதாரணக் கணக்கையும் ஒரு விண்ணப்பம் கொடுத்து அடிப்படைக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கேட்டு வந்தவருக்குத்தான் அதைச் சொன்னோம். அந்த அம்மா கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. கட்டண வருமானம் எவ்வளவு என்று மேலிடம் விசாரிக்கும். எத்தனை கணக்கை மாற்றிக் கொடுத்தாய் என்று என் பணிக்காலத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

கணக்கை நடத்த வங்கிக்குச் செலவு இல்லையா என்பார்கள். பாரத ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை மட்டும் 1,771 கோடி ரூபாய் இப்படி வசூலித்தது. 2020 மார்ச்சில் அபராதத்தையே கைவிட்டது. அதனால் வங்கி நொடித்துவிடவில்லை. 2025இல் கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கிகளும் அதே வழிக்கு வந்தன.

நல்லதுதான். ஆனால் இது வங்கிகள் தாமாகக் காட்டும் தயவு. 2012இல் இதே அபராதத்தை நீக்கிய ஸ்டேட் வங்கிதான் 2017இல் திரும்பக் கொண்டுவந்தது. இருப்பு எவ்வளவு என்பது அந்தந்த வங்கியின் முடிவு என்று ரிசர்வ் வங்கி ஒதுங்கிக்கொள்ளும்வரை, தயவு எந்த நாளிலும் தீரலாம். சேமிப்புக் கணக்கில் பணம் குறைந்ததற்கு அபராதம் கூடாது என்று எல்லா வங்கிக்கும் பொதுவாக ஒரு விதி வேண்டும்.

எவ்வளவு பிடித்தீர்கள் என்று நம் எம்.பி.க்கள் கேட்டுவிட்டார்கள். பிடிப்பதற்கு முன்னால் எத்தனை பேரிடம் அந்த விண்ணப்பத்தை நீட்டினீர்கள் என்று அடுத்த முறை கேட்கட்டும். என் கவுன்ட்டரின் கணக்கை நானே சொல்கிறேன்: ஒருவரிடமும் இல்லை.