காற்றில் வரும் மொட்டைக் கடிதங்கள்

‘காற்று யாருக்கும் சொந்தமில்லை, அலைவரிசைக்கு எதற்கு உரிமம்?’ ஹாம் வானொலி பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். சாலையும்தான் யாருக்கும் சொந்தமில்லை. அதனாலேயே வண்டி ஓட்ட உரிமம் கேட்கிறோம்.

இந்தியாவில் அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்ட பட்டைகளில் ஒன்று 144–146 மெகாஹெர்ட்ஸ். 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கும் பேசவல்ல சீனக் கைக்கருவிகள் மலிவாகக் கிடைப்பதால், வாங்கியவர் தோன்றிய எண்ணைத் தட்டிப் பேசத் தொடங்கிவிடுகிறார். பண்பலையில் இரு குரல்கள் ஒரே அதிர்வெண்ணில் எழுந்தால், வலியது மெலியதை விழுங்கிவிடும். விழுங்கப்படுவது வெறும் அரட்டையானால் நட்டமில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அந்தமானின் நிலையை உலகுக்குச் சொன்னவர்களில், போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாமும் அவர் குழுவினரும் உண்டு. அன்று கைகொடுத்தது சிற்றலை. ஊருக்குள் நடக்கும் மீட்புப் பணிக்கோ கைக்கருவிகளின் இந்தப் பட்டைதான் உதவும்.

உரிமம் மேட்டிமை என்பதும் வீண்வாதம். தேர்வெழுதப் பன்னிரண்டு வயது கடந்தால் போதும். கல்லூரிப் பட்டம் கேட்பதில்லை. தேர்வே வேண்டாம் என்பவர்க்கும், 446.0–446.2 மெகாஹெர்ட்ஸில் குறைந்த திறன் கருவிகளை 2018 முதல் உரிமமின்றிப் பயன்படுத்த வழியுண்டு. உரிமம் பெற்றவர் பேசும்போது தம் அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும். அது அவருடைய கையொப்பம். சொன்ன சொல்லுக்கு அவர் பொறுப்பு. குறியற்ற குரல் மொட்டைக் கடிதம்.

ஆனால் மொட்டைக் கடிதத்துக்கு மறுமொழி எழுதுவோரும் இருக்கிறார்களே! அத்துமீறியவரை வசைபாடுவது, அவர் குரல்மேல் வேண்டுமென்றே இரைச்சலை ஏற்றுவது ஆகியவற்றை வீரம் என்று எண்ணும் ஹாம்களைத்தான் சொல்கிறேன். உரிமமற்ற நிலையத்துடன் பேசுவதே விதிமீறல். இடையூறு செய்வது அதனினும் பெரிய குற்றம். அத்துமீறுபவர் தேடுவது செவிகளை. வசை அவருக்குக் கிடைத்த வரவேற்பு, மௌனமே தண்டனை.

மௌனம் என்பது கையைக் கட்டிக்கொண்டிருப்பதன்று. நேரம், அதிர்வெண், கேட்ட சொற்கள், குறிகையின் வலிமை ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். திசையறியும் ஆண்டெனாவால் இரண்டு இடங்களிலிருந்து திசை பார்த்தால், கோடுகள் வெட்டும் இடம் புலப்படும். ‘நரி வேட்டை’ என்ற பெயரில் ஹாம்கள் விளையாடும் விளையாட்டுத்தானே இது? குறிப்புகளை மத்திய அரசின் கம்பியில்லாக் கண்காணிப்பு அமைப்பிடம் கொடுங்கள். அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது உங்கள் வேலையன்று.

அரசுக்கும் பங்குண்டு. வாக்கி-டாக்கிகளை இணைய வணிகத் தளங்களில் முறையின்றி விற்பதைத் தடுக்க 2025இல் வழிகாட்டு நெறிகள் வந்தன. அவை ஏட்டளவில் நின்றுவிடலாகாது. தேர்வும் உரிமமும் தாமதமின்றிக் கிடைக்கவும் வேண்டும். ஆர்வத்தோடு வரும் இளைஞனை ஆண்டுக்கணக்கில் வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, அவன் சுவரேறிக் குதித்தான் என்று புலம்புவதில் நியாயமில்லை.