அண்டை மொழி அறிவோம்: வரவில்லையா, வராதா?



சென்ற திங்கள் கடைத்தெருவில் வழங்கும் கன்னடச் சொற்கள் சிலவற்றைக் கண்டோம். இத்திங்கள் சொற்களை வாக்கியமாகக் கோக்கும் முறையைக் காண்போம். 'பா', 'பே' என்று நான் எழுதுவனவற்றைப் 'பஸ்' என்னும் சொல்லின் முதலெழுத்தைப் போல் ஒலித்துப் படிக்க வேண்டுகிறேன்.

ஆங்கிலம் கற்கப் புகுந்த நாளில் நம்மை மருட்டியது சொற்களின் வரிசையே. 'நான் நீர் குடிக்கிறேன்' என்பதை 'நான் குடிக்கிறேன் நீர்' என்று மாற்றி அடுக்க வேண்டியிருந்தது. கன்னடத்தில் அத்தொல்லை இல்லை. 'நானு நீரு குடியுத்தேனெ' என்றால் முடிந்தது. எழுவாய் முதலிலும், செயப்படுபொருள் நடுவிலும், பயனிலை இறுதியிலும் நம் மொழியிற் போலவே நிற்கின்றன. 'அவனு ஹோகுத்தானெ, அவளு ஹோகுத்தாளெ, அவரு ஹோகுத்தாரெ' என வினைமுற்று ஆளைக் காட்டுவதும் நம் வழக்கமே. 'எனக்கு நீர் வேண்டும்' என்பது 'நனகெ நீரு பேகு' ஆகும். நம்முடைய 'கு' உருபு அங்கே 'கெ' ஆயிற்று. நம்முடைய 'வ' அங்கே 'ப' ஆயிற்று. வா என்பது பா. வாழை என்பது பாளெ. வெள்ளி என்பது பெள்ளி.

இவ்வளவு நெருக்கம் இருத்தலால், எழுத்தை மாற்றினால் போதும், கன்னடம் வந்துவிடும் என்று எண்ணுகிறோம். நானும் அவ்வாறே எண்ணினேன்.

இரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்த புதிதில் ஒரு சிறு நிலையத்தில் பணி செய்தேன். ஒரு மாலை மூதாட்டி ஒருவர், கையில் துணி மூட்டையுடன் வந்து, 'ரைலு பந்திதெயா?' என்று வினவினார். வண்டி வந்துவிட்டதா என்பது பொருள். நாம் பேச்சில் 'வரல்ல' என்போமன்றோ? அதில் 'வ'வைப் 'ப' ஆக்கி, 'பரல்ல' என்றேன். அவர் சற்று நின்றார். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு சென்றுவிட்டார். கால்மணி நேரத்தில் வண்டி வந்தது, நின்றது, சென்றது. அன்றைய கடைசி வண்டி அதுதான்.

'பரல்ல' என்றால் கன்னடத்தில் 'வராது' என்று பொருள் என்பதை உடன் பணியாற்றிய கன்னட நண்பர் பின்னரே சொன்னார். அம்மூதாட்டியின் மகள் பிள்ளைப்பேற்றுக்காக மருத்துவமனையில் இருந்தாளாம். மறுநாட் காலை அவர் மீண்டும் வந்து சீட்டு மட்டும் கேட்டார். மன்னிப்புக் கேட்பதற்குக்கூட என் கன்னடம் அன்று போதவில்லை.

ஆதலின் இம்மூன்றையும் மனத்திற் கொள்க.

'இன்னூ பந்தில்ல' என்றால் இன்னும் வந்து சேரவில்லை, வரக்கூடும். 'பரலில்ல' என்றால் வரவில்லை. வரவேண்டிய நேரம் கடந்துவிட்டது. 'பருவுதில்ல' என்றால் வராது. இதுவே பேச்சில் 'பரல்ல' எனக் குறுகும்.

'பரல்ல', 'பரலில்ல' இரண்டிற்கும் இடையே ஒரு 'லி' தான் வேறுபாடு. அந்த 'லி' நேற்றையும் நாளையையும் பிரிக்கிறது. பள்ளி ஆசிரியரிடம் 'மகு நின்னெ பரலில்ல' என்றால், குழந்தை நேற்று வரவில்லை. 'மகு நாளெ பரல்ல' என்றால், நாளை வராது. மருத்துவரிடம் 'ஜ்வர இன்னூ ஹோகில்ல' என்றால், காய்ச்சல் இன்னும் போகவில்லை. போதல் என்னும் வினைக்கும் இவ்வாறே ஹோகில்ல, ஹோகலில்ல, ஹோகல்ல என மூன்றும் அமையும்.

நம் மைசூரில் 1969-ஆம் ஆண்டு முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இயங்கி வருகிறது. மொழிகளை ஆராய்வதற்கும் கற்பிப்பதற்கும் அமைந்த நிறுவனம் அது. எனினும், நமக்கு முதல் ஆசிரியர் பக்கத்து வீட்டாரே. இத்திங்கள் முழுதும் இம்மூன்று வடிவங்களையும் அவர்களிடம் நாள்தோறும் ஒருமுறையேனும் பேசிப் பாருங்கள். பிழையென்றால் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். அந்தச் சிரிப்புக்கு நாம் நாண வேண்டுவதில்லை. ஒரு தாய் வண்டியைத் தவறவிடுவதைக் காட்டிலும் அது மேலானது.

அடுத்த திங்கள் வினா வாக்கியங்களைக் காண்போம்.